பீட்டர்பாட்: மூன்று வார விடுமுறை, 500 கி.மீ., இடையில் தங்க இடம் கிடைக்கவில்லை. உதவுங்கள்

ஐண்ட்ஹோவன்காரன்

வணக்கம் நண்பர்களே. நானும் மனைவியும் வரும் மே மாதம் நெதர்லாந்தின் நெடுந்தூர நடைபாதையான பீட்டர்பாட் முழுவதும் நடக்கலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். வடக்கே பீட்டர்புரனில் தொடங்கி தெற்கே மாஸ்ட்ரிக்டை ஒட்டிய சின்ட் பீட்டர்ஸ்பெர்க் குன்று வரை, கிட்டத்தட்ட 500 கி.மீ. விடுமுறை மூன்று வாரம். வழிகாட்டி நூலில் 26 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சிலவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 21 நாளுக்குள் அடக்கியிருக்கிறேன்.

சிக்கல் தங்குமிடத்தில். ரோல்ட, ஸ்கோன்லோ, ஸ்லேன் பக்கம் நான் பார்த்த தேதிகளில் எதுவும் காலியாக இல்லை. ஹெமல்ஃபார்ட் (இயேசு விண்ணேற்றத் திருநாள்) விடுமுறை வாரத்தில் ஒம்மன் பக்கமும் அதே கதை. ஒரு நாள் தள்ளி வைத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா முன்பதிவும் கலைகிறது. கூடாரம் எடுத்துக்கொண்டு, இடம் கிடைக்காத இரவுகளில் காட்டோரம் போட்டுக்கொள்ளலாமா? முதுகுப்பை ஆளுக்கு 11 கிலோ வரும் போலிருக்கிறது. இப்போது வார இறுதிகளில் 15 கி.மீ. வரை நடக்கிறோம். இருவரும் சைவம். திட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.

நடைப்பிரியை

முதலில் கணக்கைப் பாருங்கள். 500 கி.மீ.யை 21 நாளில் முடிக்க, ஓய்வே இல்லாமல் தினமும் 24 கி.மீ. நடக்க வேண்டும். வார இறுதியில் 15 கி.மீ. நடந்துவிட்டு ஞாயிறு வீட்டில் கால் நீட்டுவது வேறு. 11 கிலோ சுமையோடு நான்காம் நாள், ஐந்தாம் நாள் காலையில் எழுந்து மறுபடி 24 என்பது முற்றிலும் வேறு. ஒரு கொப்புளம் வந்தாலே உங்கள் அட்டவணை நின்றுவிடும். தங்குமிடம் கிடைக்காததும் இதே காரணத்தால்தான்: எல்லா இரவையும் சங்கிலிபோல் கோத்துவிட்டீர்கள், நகர்த்த இடமே இல்லை.

இந்தப் பாதையை உருவாக்கியவர்கள் டோஸ் கோர்ஹெய்ஸ், பெர்ட்யே யென்ஸ் என்ற இரண்டு தோழிகள். ஒருவர் டில்பர்கில் இருந்தார், மற்றவர் க்ரோனிங்கனில். அவர்களே தடம் தேடி, நடந்து, இணைத்து, 1983இல் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து டச்சுக்காரர்களில் பெரும்பாலானோர் இதைத் துண்டு துண்டாகத்தான் நடக்கிறார்கள். இந்த வசந்தத்தில் மூன்று கட்டம், இலையுதிர் காலத்தில் இரண்டு என்று பல வருடம் எடுத்துக்கொள்வார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

என் யோசனை: இந்த முறை ஃபோர்டன் வரை மட்டும். முதல் 13 கட்டங்கள், ஏறக்குறைய பாதி தூரம். வழிகாட்டி நூலின் முதல் பாகமும் அங்கேதான் முடிகிறது, ரயில் நிலையமும் உண்டு. மூன்று வாரத்தில் தாராளமாக முடியும், நடுவில் ஓய்வு நாளும் வைக்கலாம்.

காட்டோரம் கூடாரம் வேண்டவே வேண்டாம். நெதர்லாந்தில் கண்ட இடத்தில் முகாம் போடுவது சட்டப்படி தடை, அபராதம் விழும். கூடாரம்தான் வேண்டுமென்றால் நட்யூர்கம்பேர்டெரைன் என்ற சிறிய இயற்கை முகாம்கள் இருக்கின்றன, அவற்றுக்கு ஆண்டு அட்டை வாங்க வேண்டும். பண்ணை வீடுகளில் மினிகேம்பிங் போர்டும் நிறைய பார்ப்பீர்கள்.

மாஸ் கரையோரம்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். தொடர்ந்து நடப்பதில் கிடைக்கிற நிறைவு தனி. களிமண் வயல், பிறகு ஹீத் புதர்வெளி, பிறகு ஆற்றோரம், பிறகு குன்று என்று நிலம் மாறுவதை நாள்தோறும் காலால் உணர்ந்தபடி போவது துண்டு துண்டாக நடந்தால் கிடைக்காது. உடம்பு தயாராக இருந்து, நான்கைந்து வாரம் கையில் இருந்தால் முழுதாகவே நடக்கச் சொல்வேன். ஆனால் மூன்று வாரம், இப்போதைய பயிற்சி என்றால் நடைப்பிரியை சொல்வது சரி.

தெற்குப் பாதியைப் பிறகு எப்போது நடந்தாலும் இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஒன்று, படகு. பிராம்டிலிருந்து மில்லிங்கன் போகும் கட்டத்தில் ஜெர்மனிக்குள் கொஞ்ச தூரம் நுழைந்து வெளியே வந்து, ரைன் நதியைச் சிறிய படகில் கடக்க வேண்டும். கெனப்பிலிருந்து ஃபீர்லிங்ஸ்பேக் போகும்போது மாஸ் நதிக்கும் படகு. இவை எல்லா மாதமும், எல்லா நேரமும் ஓடும் என்று நினைக்காதீர்கள். அந்த வாரத்து நேர அட்டவணையைப் பார்த்த பிறகே அந்த நாளை முடிவு செய்யுங்கள். இரண்டு, ஜூலையில் நெய்மேகன் நான்கு நாள் நடை நடக்கும் வாரத்தில் க்ரூஸ்பேக் பக்கம் போக வேண்டாம். மூன்றாம் நாள் அந்தக் கூட்டம் முழுவதும் க்ரூஸ்பேக் வழியாகத்தான் போகும். படுக்கை கிடைக்காது.

க்ரோனிங்கன்வாசி

அண்ணா, வடக்கு எங்கள் ஊர்ப்பக்கம் என்பதால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இங்கே எல்லா இரவுக்கும் வேறு வேறு இடம் தேட வேண்டிய அவசியமே இல்லை.

க்ரோனிங்கன் நகரில் ஒரே அறையை நான்கு இரவுக்கு எடுங்கள். முதல் நாள் ரயிலில் வின்சும், அங்கிருந்து பேருந்தில் பீட்டர்புரன், பிறகு நடந்தே வின்சும் திரும்பி ரயில் பிடியுங்கள். முதல் கட்டம் 12 கி.மீ.தான், கால் பழக நல்லது. மறுநாள் வின்சுமிலிருந்து நடந்து அறைக்கே வந்துவிடலாம். அந்தக் கட்டத்தை அவசரப்படாமல் நடங்கள். கார்ன்வெர்டில் ரெய்ட்டீப் ஆற்றங்கரையில் உட்காரலாம். ஓஸ்டும் சிற்றூரின் பழைய தேவாலயம் வயல் நடுவே ஒரு மேட்டில் நிற்கும். கடல் தடுப்பு அணைகள் வருவதற்கு முன், வெள்ளத்திலிருந்து தப்ப மக்களே மண் கொட்டி உயர்த்திய மேடுகள் அவை. பெயர் வீர்டே. வடக்கு முழுக்க இப்படித்தான் ஊர்கள் உட்கார்ந்திருக்கும். மூன்றாம் நாள் சாயிட்லாரன் வரை நடந்து பேருந்தில் திரும்பலாம். மூன்று கட்டமும் சின்னப் பையோடு முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: முதல் இரண்டு நாளும் திறந்த வெளி. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும், நீங்கள் தெற்கே நடப்பதால் முகத்தில் அடிக்கும். மழை பெய்தால் ஒதுங்க மரம்கூட இருக்காது. குடையை நம்பாதீர்கள், மழை ஜாக்கெட்தான் உதவும்.

அப்புறம் ட்ரெந்த மாகாணம். உங்கள் சிக்கலே இங்கேதான். சாயிட்லாரனிலிருந்து குவோர்டன் போய்ச் சேரும் வரை, நடுவே கட்டங்கள் முடியும் ஊர்களில் ரயில் கிடையாது. ரோல்டவுக்கு அஸனிலிருந்து பேருந்து உண்டு, அதனால் ரோல்டவில் இடம் இல்லையென்றால் அஸனில் தங்கிவிடலாம். ஸ்கோன்லோவுக்குத்தான் உண்மையில் மாற்று குறைவு. சுற்றியுள்ள கிராமங்களில் வீடுகளைத் தேடி, "ஸ்கோன்லோவிலிருந்து காரில் அழைத்துப்போக முடியுமா?" என்று போனில் கேளுங்கள். இந்தப் பாதையில் நடப்பவர்களுக்கு அதைச் செய்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. மறுநாள் காலை அதே இடத்தில் இறக்கிவிடச் சொல்லி நடையைத் தொடரலாம்.

சிரமப்பட்டாவது இந்தப் பகுதியை நடந்துவிடுங்கள். ரோல்ட தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டு ஹுனபெட்கள் இருக்கின்றன, 5000 ஆண்டுக்கும் பழமையான கல் ஈமச்சின்னங்கள். நாட்டில் மீதமிருக்கும் 54இல் 52 ட்ரெந்தவில்தான். சாயிட்லாரனுக்கும் ரோல்டவுக்கும் நடுவே பாலோயர்ஃபெல்ட் புதர்வெளி. க்ரோலோ வழியாகப் போகும்போது கியூபி அண்ட் பிளிசர்ட்ஸ் என்ற ப்ளூஸ் குழு வாழ்ந்த பண்ணை வீடு இருக்கும். இப்போது அருங்காட்சியகம்.

நடைப்பிரியை

க்ரோனிங்கன்வாசி சொன்ன அதே உத்தி ஒம்மன் பக்கமும் எடுபடும். குவோர்டன், ஹார்டன்பர்க், ஒம்மன் மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. எதிலாவது ஒன்றில் தங்கி இரண்டு கட்டங்களை முடிக்கலாம். விடுமுறை வாரத்தில் ஒம்மன் நிரம்பினால் அதே ரயிலில் ஸ்வோல போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். ஹெலன்டோர்னுக்குப் பக்கத்தில் நெய்வர்டால் நிலையம், அடுத்த கட்டம் முடியும் ஹோல்டனில் நிலையம் ஊருக்குள்ளேயே. ஆக, கட்டாயம் முன்பதிவு வேண்டிய இரவுகள் ட்ரெந்தவில் மூன்று, லாரனில் ஒன்று. மற்றவற்றில் அசைய இடம் இருக்கிறது.

"ஃப்ரிண்டன் ஒப் த ஃபீட்ஸ்" அமைப்பில் சேர்ந்தீர்களா? பெயரில் சைக்கிள் இருந்தாலும் நடப்பவர்களுக்கும் உரியது. ஆண்டு நன்கொடை கட்டினால் நாடு முழுவதும் உறுப்பினர் வீடுகளில் காலை உணவோடு மலிவாகத் தங்கலாம். பெரிய முன்பதிவுத் தளங்களில் இந்த வீடுகள் வராது. நீங்கள் "எதுவும் காலியாக இல்லை" என்றது அந்தத் தளங்களை மட்டும் பார்த்துச் சொன்னதாக இருக்கலாம். பீட்டர்பாட் இணையதளத்திலும் கட்ட வாரியாகத் தங்குமிடப் பட்டியல் உண்டு. மின்னஞ்சல் போட்டுக் காத்திருக்காமல் போன் பண்ணுங்கள். சைவம் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஐண்ட்ஹோவன்காரன்

மிக்க நன்றி. அந்த அமைப்பில் சேரவில்லை, இன்றே சேர்கிறேன். ஃபோர்டன் வரை என்று முடிவு செய்துவிட்டோம், மனைவிக்கு இப்போதுதான் நிம்மதி. கூடாரமும் இல்லை. இன்னும் மூன்று கேள்வி. மலையேற்றத்துக்கான கனமான பூட்ஸ் வாங்க வேண்டுமா? வழியில் சைவச் சாப்பாடு எப்படி? உண்ணி பற்றிப் பயமுறுத்துகிறார்கள், உண்மையா?

மாஸ் கரையோரம்

கனமான பூட்ஸ் வேண்டாம். பாதையில் தார்ச்சாலை, செங்கல் தளம், சைக்கிள் பாதை எல்லாம் வரும். அந்தக் கடினத் தரையில் கெட்டியான அடிப்பாகம் பாதத்தை வருத்தும். இலேசான நடைக்காலணி போதும், நடந்தால் கால் வீங்கும் என்பதால் அரை அளவு பெரிதாக வாங்குங்கள். ஈரப் புல்லில் நடக்க நேரும், மாற்றுக் காலுறை எப்போதும் பையில் இருக்கட்டும். பையை ஏழு கிலோவுக்குள் கொண்டுவாருங்கள். கூடாரம் போனதிலேயே பாதி வேலை முடிந்தது. மே வருவதற்குள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து 20 கி.மீ. அந்தப் பையோடே நடந்து பழகுங்கள். ஒரே நாளில் 30 நடப்பதைவிட இதுதான் முக்கியம்.

உண்ணியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லைம் நோயைப் பரப்பும். உயரமான புல், புதர், காட்டு இலைச்சருகு உள்ள இடங்களில் பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். தினமும் மாலையில் குளிக்கும்போது முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள், முடியோரம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டால் எண்ணெய், சாராயம் எதையும் தடவாமல் உண்ணிக் கொக்கியாலோ முனை கூர்மையான சாமணத்தாலோ தோலை ஒட்டிப் பிடித்து உடனே எடுத்துவிடுங்கள். எடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ ஹெய்ஸ்ஆர்ட்ஸை (குடும்ப மருத்துவரை) பாருங்கள். மே கடைசியில் ஓக் மரங்களில் கம்பளிப்புழுக் கூடுகளும் வர ஆரம்பிக்கும். அவற்றின் நுண்ணிய முடி பட்டாலே கடும் அரிப்பு. எச்சரிக்கைப் பலகை கட்டிய மரத்தடியில் உட்கார வேண்டாம்.

க்ரோனிங்கன்வாசி

சாப்பாடு சமாளிக்கலாம் அண்ணா, ஆனால் மதியத்துக்கு வழியில் உணவகம் இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். கிராமத்துக் கஃபேக்கள் பல திங்கள், செவ்வாயில் மூடியிருக்கும். சின்ன ஊர் சூப்பர்மார்க்கெட் ஞாயிறன்று திறக்காமல் இருக்கலாம், அதனால் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, கடலை வெண்ணெய், பழம் போதும். விருந்தோம்பும் வீடுகளில் காலை உணவு பலமாக இருக்கும், மதியத்துக்கு இரண்டு ரொட்டி கட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். இரவுக்குத்தான் யோசிக்க வேண்டும்: தங்கும் வீட்டில் சமையலறை உண்டா, ஊரில் உணவகம் திறந்திருக்குமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பண்ணை வாசல்களில் முட்டை, ஜாம், பழம் வைத்து அருகில் உண்டியல் வைத்திருப்பார்கள், சில்லறை நாணயம் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. போனில் போடும் பழைய ஜிபிஎஸ் வழித்தடக் கோப்பு எதையும் நண்பர்களிடம் வாங்கி நடக்காதீர்கள், பாதையில் அவ்வப்போது மாற்றம் வரும். புதிய பதிப்பு நூலை வாங்குங்கள். கம்பங்களில் வெள்ளை, சிவப்புப் பட்டை இருக்கும். திருப்பத்தில் பட்டை திரும்பும் திசையைக் காட்டும், தவறான வழியில் அதே நிறத்தில் பெருக்கல் குறி. கோப்பு ஒன்று சொல்லி, புதிதாகத் தீட்டிய குறி வேறு சொன்னால் குறியை நம்புங்கள்.

ஐண்ட்ஹோவன்காரன்

நேற்று மாலை போனில் உட்கார்ந்தோம். ரோல்டவில் ஒரு வீடு, ஸ்லேன் பக்கத்தில் ஒரு வீடு கிடைத்துவிட்டது. ஸ்கோன்லோவுக்கு, ஏழெட்டு கி.மீ. தள்ளியிருக்கும் ஒரு வீட்டு அம்மா மாலை ஐந்தரைக்குப் பேருந்து நிறுத்தத்தில் காரோடு நிற்பதாகச் சொன்னார். நாங்கள் தாமதமானால் என்ன செய்வது என்பதுதான் மனைவியின் கவலை.

நடைப்பிரியை

அவருடைய கைப்பேசி எண்ணை இருவர் போனிலும் சேமியுங்கள். க்ரோலோ தாண்டும்போது ஒரு செய்தி அனுப்பி எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிடுங்கள், அவர் அதற்கேற்பக் கிளம்புவார். அன்றைக்கு 18 கி.மீ.தான். காலை ஒன்பதுக்குப் புறப்பட்டால் அந்த அருங்காட்சியகம் திறந்திருந்தால் அதையும் பார்த்துவிட்டுப் போக நேரம் இருக்கும். லாரன் இரவு இன்னும் பதிவாகவில்லை போலிருக்கிறதே, அதையும் இந்த வாரமே முடியுங்கள்.