பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு விண்டோஸை அப்படியே மாற்றுவது எப்படி?

பெரம்பூர்வாசி:
வணக்கம். 2017-இல் வாங்கிய லேப்டாப், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தால்தான் டெஸ்க்டாப் தெரிகிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 சதவீதம். போன வாரம் ரிச்சி தெருவில் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியும் அதை யுஎஸ்பியில் மாட்டும் கேபிளும் வாங்கினேன். "ஃபார்மட் பண்ணி புதுசா போட்டுருங்க சார், அரை மணி நேர வேலை" என்றார் கடைக்காரர். எனக்கு அது ஒத்துவராது. அப்பாவின் கடைக் கணக்கு முழுக்க இதில்தான், டேலியில் இருக்கிறது, அப்புறம் பிரிண்டர், தமிழ் தட்டச்சு என்று எட்டு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தது. சி-யில் 160 ஜிபி, டி-யில் 210 ஜிபி நிறைந்திருக்கிறது. நேற்று க்ளோன் செய்து (டிஸ்கை அப்படியே நகலெடுத்து) பார்த்தேன், 43 சதவீதத்தில் ரீட் எரர் என்று நின்றுவிட்டது, இரண்டாவது தடவையும் அதே இடம். எஸ்எஸ்டி மட்டமானதா, கேபிள் சரியில்லையா? மாற்றித் தருவார்களா?

அம்பத்தூர் ஆசாமி:
கடைக்குப் போகாதீர்கள். ரீட் எரர் என்றால் படிக்கிற பக்கம்தான் தகராறு, அதாவது உங்கள் பழைய டிஸ்க். கேபிள் காரணமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கும், அதே 43-இல் வந்து நிற்காது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சி5 என்ற வரியில் (கரண்ட் பெண்டிங் செக்டார், அதாவது டிஸ்கில் படிக்க முடியாமல் நிற்கும் சின்னத் துண்டுகள்) என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். 500 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 465 என்றுதான் காட்டும், உங்களிடம் நிறைந்திருப்பது 370, அடங்கிவிடும். ஆனால் எஸ்எஸ்டியை அவ்வளவு நெருக்கி நிரப்ப வேண்டாம், டி-யில் இருக்கும் படங்களை வெளி டிஸ்கில் வைத்துக்கொண்டு சி-யையும், பூட் ஆக (விண்டோஸ் தொடங்க) வேண்டிய சின்னப் பார்ட்டிஷன்களையும் (டிஸ்கின் தனிப் பகுதிகள்) மட்டும் மாற்றுங்கள். சி-யை மட்டும் மாற்றிவிட்டு அந்தச் சின்னதை விட்டுவிட்டால் பூட் ஆகவே ஆகாது, நிறையப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெரம்பூர்வாசி:
பார்த்தேன், மஞ்சள் நிறத்தில் காஷன் என்கிறது. சி5-இல் 18 என்று இருக்கிறது. டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க் ஓட்டட்டுமா?

அம்பத்தூர் ஆசாமி:
அந்த 18 பதினாறடிமான எண், சாதாரணக் கணக்கில் 24. இருபத்து நாலு செக்டாரைப் படிக்க முடியாமல் டிஸ்க் தவிக்கிறது. செக்டிஸ்க் ஓட்டலாம், ஆனால் இப்போதே வேண்டாம். அது டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் உருட்டும், சாகப்போகிற டிஸ்க் அதிலேயே போய்விடலாம். முதலில் டேலி டேட்டா ஃபோல்டர், படங்கள், டாக்குமெண்டுகள் எல்லாவற்றையும் வெளியே காப்பி எடுங்கள். அப்புறம் சி-க்கு ஸ்லாஷ் ஆர் (/r) போட்டு செக்டிஸ்க், அது முடிந்தபிறகு க்ளோன்.

தாம்பரம் தங்கை:
நானாக இருந்தால் புதிதாகத்தான் போடுவேன். விண்டோஸ் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டை வைத்துத்தான் அடையாளம் காணும், டிஸ்க் மாறினால் போய்விடாது. டேலி மட்டும்தான் வேறு கதை, எந்த வழியில் மாற்றினாலும் முதலில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு (டேலியிடம் திருப்பி ஒப்படைத்துவிட்டு) எஸ்எஸ்டியில் மறுபடி ஆக்டிவேட் செய்யுங்கள் அண்ணா. இன்னொன்று, விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, 2017 லேப்டாப்பின் பிராசஸர் விண்டோஸ் 11 பட்டியலில் இருப்பது சந்தேகம்தான். அதையும் யோசியுங்கள்.

கொளத்தூர் குசும்பன்:
நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். என் லேப்டாப்பில் பேட்டரி செத்து இரண்டு வருடம், சார்ஜரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். க்ளோன் 80 சதவீதம் தாண்டியிருந்தது, வெளியே மழை, பொட்டென்று கரண்ட் போனது. முதலிலிருந்து ஆரம்பித்தேன், இந்தத் தடவை இன்வெர்ட்டர் பிளக்கில். அது முடிந்ததும் செய்தேன் பாருங்கள் ஒரு முட்டாள்தனம்: எஸ்எஸ்டியை உள்ளே மாட்டிவிட்டு, பழைய டிஸ்கை டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி (டிஸ்கைப் பொருத்தும் சட்டம்) போட்டுச் செருகி, இரண்டையும் வைத்தே ஆன் செய்தேன். லேப்டாப் பழையதிலிருந்தே பூட் ஆனது. இரண்டிலும் ஒரே வால்பேப்பர், ஒரே ஐகான், எப்படித் தெரியும்? நாலு நாள் வேலை செய்துவிட்டு 'என்னடா எஸ்எஸ்டி, வேகமே இல்லையே' என்று திட்டிக்கொண்டிருந்தேன். அதனால் க்ளோன் முடிந்ததும் ஷட் டவுன் செய்து, பழையதைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து முதல் பூட் செய்யுங்கள். கழற்றுவதற்கு முன் பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள்.

பெரம்பூர்வாசி:
மூன்று நாள் கழித்து வருகிறேன். காப்பி எடுத்தேன், இரண்டு கல்யாண வீடியோ மட்டும் வரவில்லை, அவை மாமாவிடம் இருக்கின்றன. செக்டிஸ்க் ராத்திரி பத்துக்கு ஆரம்பித்து விடிகாலை வரை ஓடியது. அப்புறம் க்ளோன் நிற்காமல் போனது. பழையதைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன், இருபது விநாடிக்குள் டெஸ்க்டாப். டேலி ஆக்டிவேட் ஆகிவிட்டது. ஒரே ஒரு குறை, எஸ்எஸ்டியில் 160 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது, சி-யோடு சேர்க்கப் போனால் எக்ஸ்டெண்ட் வால்யூம் அழுத்தவே வரவில்லை.

அம்பத்தூர் ஆசாமி:
சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும், டிஸ்க் மேனேஜ்மெண்டில் பாருங்கள். காலி இடம் சி-யை ஒட்டி இருந்தால்தான் அது சேர்க்கும். அவசரம் இல்லையென்றால் அந்தக் காலி இடத்தையே புது டி டிரைவாக்கிவிடுங்கள், அதுதான் சுலபம். விண்டோஸ் ஃபைல்களைச் சோதிக்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளையை ஒரு தடவை ஓட்டுங்கள், கெட்ட செக்டாரில் விண்டோஸ் ஃபைல் ஏதாவது இருந்திருக்கலாம். பழைய டிஸ்கை ஒரு மாதத்துக்கு ஃபார்மட் செய்யாமல் பீரோவில் போட்டு வையுங்கள். அதில் புதிதாக எதையும் சேமிக்கவும் வேண்டாம்.