கடிகாரமே துல்லியமில்லாத ஜிபிஎஸ் கருவி தூரத்தை எப்படி அளக்கிறது?

செம்பனைக்காரன் (சுங்கை சிப்புட்):
வணக்கம். செம்பனைத் தோட்டத்தில் மறுநடவுக்கு எல்லை குறிக்கும் வேலை செய்கிறேன். என் கைக்கருவி செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. அங்கிருந்து வரும் அலையைக் கேட்க மட்டுமே செய்கிறது. அலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் என்பது புரிகிறது. ஆனால் நேரம் ஒரு மைக்ரோவிநாடி பிசகினாலே 300 மீட்டர் தவறிவிடுமே! மேலே அணுக் கடிகாரம் இருக்கிறது, என் கையில் இருப்பதோ சாதாரண குவார்ட்ஸ். பிறகு எப்படிக் கணக்கு சரியாக வருகிறது?

பழைய கிராணி:
தம்பி, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்க அடிக்கும் பெரட்டு மணியை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் மூன்று டிவிஷன்களிலும் (பிரிவுகளிலும்) சரியாக 5.30க்கு மணி அடிக்கிறார்கள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் என்பதால், ஒவ்வொரு மணியும் எத்தனை விநாடி தாமதமாகக் கேட்டது என்று பார்த்துத் தோட்ட வரைபடத்தில் மூன்று வட்டங்கள் போடலாம். உங்கள் கைக்கடிகாரம் ஒரு விநாடி முந்தி ஓடினால் மூன்று மணிகளுமே 340 மீட்டர் கூடுதல் தொலைவில் இருப்பதாகத் தோன்றும், வட்டங்கள் ஒரு புள்ளியில் கூடமாட்டா. பிழை மூன்றிலும் ஒரே அளவு என்பதுதான் சூட்சுமம். மூன்று வட்டங்களையும் சம அளவு சுருக்கிக்கொண்டே வந்து, அவை ஒன்றுகூடும் இடத்தில் நிறுத்தினால், நீங்கள் நிற்கும் இடமும் தெரியும், கடிகாரத்தின் பிழையும் தெரியும். வானத்தில் உயரமும் கணக்கில் சேர்வதால் நான்காவது செயற்கைக்கோள் வேண்டியிருக்கிறது.

அளவைச் சங்கிலி:
ஐயா சொன்ன உவமை அருமை. ஆனால் மணி எப்போது அடித்தது என்பது கருவிக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் தனக்கே உரிய 1023 துண்டுகள் கொண்ட குறியீட்டை மில்லிவிநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறது. கருவி அதே குறியீட்டைத் தனக்குள் உருவாக்கி, வந்த அலையோடு பொருந்தும்வரை நகர்த்திப் பார்க்கிறது. நகர்த்திய அளவே தாமதம். ஒரு துண்டின் நீளம் சுமார் 293 மீட்டர்; அதில் நூறில் ஒரு பங்கு வரை பொருத்தம் பார்க்க முடிவதால்தான் சில மீட்டர் துல்லியம் கிடைக்கிறது. செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் அலை வந்துசேர 67 மில்லிவிநாடிக்குக் குறையாது. இடையில் குறியீடு பலமுறை சுழன்றிருக்கும். எத்தனை சுற்று என்பதை அலையோடு வரும் நேரச் செய்தி தீர்த்துவைக்கிறது.

செம்பனைக்காரன்:
தெளிவாயிற்று, மிக்க நன்றி. இன்னொன்று: அதே எல்லைக்கல்லின்மேல் கருவியை வைத்தாலும், மட்டைகள் மூடிய நிரைக்குள் ஒவ்வொரு முறையும் வேறிடம் காட்டுகிறது. நேற்று ஒருமுறை கல்லைக் கால்வாய்க்கு அந்தப்பக்கம் தூக்கிப் போட்டுவிட்டது!

அளவைச் சங்கிலி:
ஈரமட்டைகள் அலையை விழுங்கும். அடிமரத்திலும் மட்டையிலும் பட்டுத் தெறித்து வரும் அலை சுற்றுப்பாதையில் வருவதால் தூரத்தைக் கூட்டிக் காட்டும். இந்தப் பிழை ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் வெவ்வேறு அளவு என்பதால், கிராணி ஐயாவின் சம அளவு சுருக்கும் வித்தை இதனிடம் பலிக்காது. போதாக்குறைக்கு, தாழ்வானில் உள்ளவை மறைந்து, தலைக்கு நேரே உள்ளவை மட்டும் எஞ்சினால் வட்டங்கள் மிகச் சாய்வாக வெட்டிக்கொள்ளும். சிறு பிழையும் பெரிதாகும். நிரை முடியும் இடத்தில், தோட்டச் சாலையின் திறந்தவெளியில் சில நிமிடம் நின்று பதிவு செய்யுங்கள்; அங்கிருந்து கல்லுக்கு நாடாவால் அளந்துவிடுங்கள்.