மறு: வாகன வலையமைப்பைப் பார்க்கும் தொடுதிரைக் கருவிக்கு என்ன பெயர்?

கிளிநொச்சியிலிருந்து:
வணக்கம். வாகனத் தொழினுட்ப வகுப்புக்கான செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். மடிகணினி இல்லாமல் தானே இயங்கும் தொடுதிரைக் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள 16 முனைச் சொக்கெற்றில் மாட்டினால், கட்டுப்பாட்டுப் பெட்டிகள் கான் (CAN, அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பு) வயர்களில் அனுப்பும் செய்திகளைத் திரையில் காட்டும். கராஜில் இதுவும் 'ஸ்கானர்', பிழைக் குறியீடு மட்டும் வாசிக்கும் சின்னக் கருவியும் 'ஸ்கானர்'. இப்போதைக்குப் 'பழுதறிக் கருவி' என்று போட்டிருக்கிறேன்.

வவுனியாவிலிருந்து:
தம்பி, 'பழுதறி கருவி'. வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஊறுகாய், சுடுகாடு பாருங்கள். அதைவிட 'ஊர்திநாடி' நல்லது. 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்கிறது குறள். பரியாரியார் கைபிடித்துப் பார்க்கும் நாடியை வடசொல் என்பார்கள். அது நாடுதலில் பிறந்தது என்பதே என் துணிபு. வாகனம்தான் வடசொல். 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று புறநானூற்றிலேயே இருக்க அது எதற்கு? கான் என்றதும் காடு ஞாபகம் வருகிறது, அதைத் தனியே எழுதுகிறேன்.

மாங்குளத்திலிருந்து:
ஐயா கோவிக்கக்கூடாது. கராஜ் வைத்திருப்பவன் என்பதால் சொல்கிறேன், இந்தக் கருவி பழுதை அறிவதில்லை. அண்மையில் ஒரு ஹைபிரிட் கார் வந்தது. திரை நிறையப் பிழைச் செய்தி. எங்கே பழுது என்று ஒரு வரி இல்லை. பற்றரியைக் கழற்றிவிட்டு, சொக்கெற்றில் கான் வயர்கள் வரும் 6ஆம், 14ஆம் முனைகளில் மீற்றர் வைத்தோம். 60 ஓம் வரவேண்டிய இடத்தில் 120. வலையின் இரு அந்தத்திலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும், சமாந்தரமாக இருப்பதால் இரண்டும் சேர்ந்து 60 காட்டும். அதில் ஒன்று தொடர்பில் இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டு போனால், எலி வெட்டியிருக்கிறது. நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்ற வாகனம். 'பழுதறி கருவி' என்று படித்துவிட்டு வருகிற பெடியன் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பான், மீற்றரைத் தொடமாட்டான்.

கிளிநொச்சியிலிருந்து:
அண்ணை சொல்வதுதான் சரி. நுணுக்குக்காட்டியும் நோயைக் கண்டுபிடிப்பதில்லை, காட்டுகிறது. அப்படியானால் 'வலைகாட்டி'?

முல்லைத்தீவிலிருந்து:
எங்கள் கரையில் வலை என்றால் மீன்வலைதான் சேர். பாடப்புத்தகத்தில் 'வலையமைப்பு' இருக்கிறதே, 'வலையமைப்புக்காட்டி' என்றே போடுங்கள்.

மாங்குளத்திலிருந்து:
நீளம்தான், ஆனால் விளங்குகிறது. எனக்குச் சம்மதம். முன்னால் 'வாகன' சேருங்கள்.

வவுனியாவிலிருந்து:
விளங்காது, விளங்காது என்றே எல்லாவற்றையும் தள்ளுகிறீர்கள். பேக்கரிக்கு வெதுப்பகம், மோட்டார் சைக்கிளுக்கு உந்துருளி என்று பலகையில் எழுதி, வாயில் புழங்கிய மண் இது.

மாங்குளத்திலிருந்து:
வெதுப்பகத்துக்குள் போய்ப் பாண்தானே ஐயா கேட்கிறோம்.

கிளிநொச்சியிலிருந்து:
நேரமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். 'வாகன வலையமைப்புக்காட்டி' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். கராஜில் ஸ்கானர் என்பார்கள் என்று முதல் பக்கத்தில் ஒரு வரியும் வரும்.

வவுனியாவிலிருந்து:
'காட்டி'க்கு உடன்படுகிறேன். 'வாகன'வுக்கு இல்லை. அடுத்த பதிப்புக்கு முன் ஊர்தி பற்றி விரிவாக எழுதுவேன்.