ட்ரை ஹாப்பிங்: பெல்லட்டை எத்தனை நாள் ஊறப்போடுவது?

போர்ட்லாண்ட்வாசி: வீட்டில் காய்ச்சிய 19 லிட்டர் ஐபிஏ (ஹாப்ஸ் பூ தூக்கலான பீர்). கிராவிட்டி (பீரின் அடர்த்தி, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இறங்கும்) 1.012-ல் நின்றபிறகு, வாசனைக்காக ட்ரை ஹாப்பிங், அதாவது கொதிக்கவைக்காமல் ஹாப்ஸை ஊறப்போடுவது: 110 கிராம் சிட்ரா ரக ஹாப்ஸ் பெல்லட்டைத் துணிப்பையில் கட்டிப் போட்டேன். பத்து நாள் ஊறவிட்டு, நுரைக்காகச் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்தேன். மாம்பழ வாசனையை எதிர்பார்த்தால் அறுத்த புல் வாசனைதான் வருகிறது. அடுத்த முறை 200 கிராம் போடலாமா?

மால்ட்மாமா: போடாதீர்கள். பத்து நாள்தான் தப்பு. பெல்லட் என்பது ஹாப்ஸ் பூவை அரைத்து அழுத்தியது. பார்க்கக் கோழித் தீவனம் போல இருந்தாலும் பீரில் விழுந்ததும் தூளாகிவிடும். உங்கள் பக்கத்து ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலேயே சோதித்திருக்கிறார்கள்: வாசனை எண்ணெய் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் இறங்கிவிடும். அப்புறம் இறங்குவது இலைத் துவர்ப்பு. லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் பெரிய பலன் இல்லை என்பதும் அவர்கள் சொன்னதுதான். நீங்கள் போட்டது ஆறுக்குப் பக்கம், அது போதும். மூன்று நாளில் வேலை முடிந்தது. பையும் வேண்டாம், உள்ளே பெல்லட் உப்பி நடுவில் உலர்ந்தே கிடக்கும்.

டொராண்டோதம்பி: பையைத் தளர்வாகக் கட்டி, கொதிக்கவைத்த கோலிக்குண்டு நாலு போட்டால் முங்கிவிடும் மாமா. பை இல்லாவிட்டால் மூன்றாம் நாள் எதைப் பிடித்து வெளியே எடுப்பீர்கள்? என் கணக்கில் தப்பு வேறு. நொதித்தல் முடிந்தபிறகு மூடியைத் திறந்தால் ஆக்சிஜன் புகுந்து வாசனையைக் கெடுக்கும். நுரை பொங்கும்போதே போட்டால் ஈஸ்ட் அந்த ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும்.

மால்ட்மாமா: பொங்கும்போது வெளியேறும் வாயு வாசனையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும் தம்பி. வீடு மணக்கும், கிளாஸ் மணக்காது.

போர்ட்லாண்ட்வாசி: இன்னொன்று. நேற்று ஒரு பாட்டிலைத் திறந்ததும் பாதி பீர் சமையலறைச் சுவரில். சர்க்கரையைத் தராசில் நிறுத்துத்தான் போட்டேன். ட்ரை ஹாப் நடந்தது கராஜில், 13 டிகிரி. பாட்டில்கள் வீட்டுக்குள், 21 டிகிரி.

மெல்பர்ன்காரன்: இது 'ஹாப் க்ரீப்'. ஈஸ்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தை ஹாப்ஸில் இருக்கும் நொதிகள் சர்க்கரையாக உடைக்கும், ஈஸ்ட் மறுபடி தின்று வாயுவைக் கிளப்பும். இங்கிலாந்தில் பிரவுன், மோரிஸ் என்ற வேதியியலாளர்கள் 1893-லேயே எழுதிவைத்த சங்கதி. குளிரில் அந்த வேலை மெதுவாக நடந்திருக்கும், வீட்டுச் சூட்டில் பாட்டிலுக்குள் வேகம் பிடித்துவிட்டது. மாமா பேச்சைக் கேட்டு மூன்றே நாளில் அடைத்திருந்தால் இன்னும் மோசம்.

மால்ட்மாமா: மூன்று நாளில் ஹாப்ஸை எடுக்கத்தான் சொன்னேன், அடைக்கச் சொல்லவில்லை. எடுத்தபிறகு 20 டிகிரியில் வைத்து, மூன்று நாள் விட்டு இரண்டு முறை கிராவிட்டி பாருங்கள். இறங்காமல் நின்றால் அடைக்கலாம். வெண்ணெய் வாசனை அடித்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். நான் கெக்கில் (உலோகப் பீப்பாயில்) ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன், அதனால் இந்தத் தொல்லையை மறந்தே போனேன். ஒப்புக்கொள்கிறேன்.

டொராண்டோதம்பி: எடுக்க வேண்டும் என்றால் பை வேண்டும். அதையும் ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்கிறேன்.

மால்ட்மாமா: வேறு பாத்திரத்துக்கு மாற்றலாமே!

டொராண்டோதம்பி: மறுபடி ஆக்சிஜன்.

மெல்பர்ன்காரன்: சண்டை அப்புறம். போர்ட்லாண்ட்காரரே, மிச்சப் பாட்டில்களைத் தடித்த துணியால் போர்த்தித் தூக்கி, இன்றைக்கே ஃப்ரிட்ஜில் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்தபிறகு மூடியை லேசாகத் தளர்த்திக் காற்றை விடுங்கள்.

போர்ட்லாண்ட்வாசி: வைத்தாயிற்று. கீரையும் இட்லி மாவும் இப்போது கராஜில்.