உப்புக் காற்றுக்குத் தாங்கும் சீடி பிளேயர்: திருகோணமலைக்காரர்களின் அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து

அப்பா காலமாகி இரண்டு வருடங்களுக்குப் பிறகு அவருடைய அலுமாரியைத் துப்புரவு செய்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட இறுவட்டுகள் இருந்தன. பெரும்பாலும் நாதஸ்வரமும் தேவாரமும். அவற்றுக்கு நடுவே, வெள்ளைக் காகித உறைக்குள், கணினியில் பதிந்த ஒரு சீடி. திருஞானசம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்தை அப்பா வீட்டு விறாந்தையில் இருந்து பாடியதைத் தம்பி பல வருடங்களுக்கு முன் பதிந்து வைத்திருக்கிறான். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை.

அம்ப்ளிபையரும் ஸ்பீக்கர்களும் நல்ல நிலையில் இருந்தன. பிளேயர் மட்டும் பழுது. இருபதாயிரம் ரூபாய்க்குள் பாவித்த ஒன்றை வாங்கலாம் என்று இறங்கினேன்.

நகரில் ஒரு கடையில், கனமான, பார்வைக்குப் புதியது போன்ற ஒன்றைக் காட்டினார்கள். கடைக்காரர் தன்னிடமிருந்த சீடியைப் போட்டார். முதல் பாட்டு அருமையாக ஒலித்தது. 14,000 ரூபாய் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அப்பாவின் சீடியைப் போட்டபோது, தட்டில் ஒன்றுமே இல்லை என்று காட்டியது. திரும்பத் திரும்பப் போட்டேன், அதே பதில்தான். மறுநாள் கடைக்குக் கொண்டுபோனேன். சீடிதான் பழுது என்று சொல்லிவிட்டார்கள். அதே சீடி பக்கத்து வீட்டு டிவிடி பிளேயரில் தடங்கலின்றிப் பாடியது.

காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தொழிற்சாலையில் அச்சடித்த சீடியில் அலுமினியப் படலம் இருக்கிறது. லேசர் ஒளியை அது நன்றாகத் திருப்பி அனுப்பும். கணினியில் பதிந்த சீடியில் ஒரு சாயப் படலமும் குறுக்கே நிற்பதால் திரும்பி வரும் ஒளி குறைவு. லேசர் களைத்துப்போன பிளேயர் அச்சடித்ததை வாசிக்கும், பதிந்ததில் தோற்றுவிடும். கடைக்காரர் போட்டுக் காட்டியது பளபளக்கும் அச்சுச் சீடி.

இரண்டாவது தடவை மூன்று சீடிகளைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்: அப்பாவுடையது, எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு கச்சேரி, கீறல் விழுந்த ஒன்று. சீடி உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக வாசிக்கப்படுகிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்றுகள், விளிம்புக்கு வரும்போது 200 சுற்றுகள். முதல் பாட்டை மட்டும் கேட்டால் பாதிப் பரீட்சைதான். நீளமான கச்சேரியின் கடைசி உருப்படிக்குத் தாவச் சொல்லி, முடியும்வரை நின்று கேட்டேன். பிறகு நடுவில் ஒன்று, மீண்டும் முதல். தட்டைப் பத்துத் தடவை திறந்து மூடினேன். விற்றவருக்குக் கொஞ்சம் சலிப்புத்தான். பரவாயில்லை, காசு நம்முடையது.

அலஸ்தோட்டத்தில் வெளிநாடு போகவிருந்த ஒரு குடும்பத்தின் பிளேயர் அது. 230 வோல்ட்டுக்குச் செய்தது, பின்னால் சிவப்பு, வெள்ளை வயர் செருகும் சாதாரண ஆர்சிஏ இணைப்பு. 17,000 ரூபாய். எட்டு மாதமாக ஓடுகிறது. உங்களுடைய அனுபவங்களையும் எழுதுங்கள்.

கிண்ணியாவிலிருந்து

அண்ணன், நீங்கள் 230 வோல்ட் என்று எழுதியதைப் பார்த்ததும் என் நெஞ்சு எரிந்தது. மச்சான் ஜப்பானிலிருந்து பொதியில் அனுப்பிய அழகான பிளேயர். தட்டை முள் பிளக்குக்கு ஓர் அடாப்டரைப் போட்டுச் சுவரில் செருகினேன். ‘டப்’ என்றொரு சத்தம், பிறகு கருகல் மணம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அடாப்டர் முள்ளின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. பெட்டியின் பின்பக்கத்தில் தெளிவாக அச்சடித்திருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை.

பிளேயருக்குள் இருந்த மின்மாற்றியை மாற்றித் திருத்தினேன். இப்போது வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் பெட்டி வைத்துத்தான் போடுகிறேன். பிளேயர் பத்துப் பதினைந்து வாட்தான் எடுக்கும், ஆகவே சிறியதே போதும். ஆனால் வாங்கும்போது 100 வோல்ட்டுக்கு உரியதா என்று கேளுங்கள். முதலில் எனக்குத் தந்தது 110 வோல்ட்டுக்குரியது. இரவில் மீற்றர் வைத்துப் பார்த்தால் 118 காட்டியது. 50 ஹேர்ட்ஸா 60 ஹேர்ட்ஸா என்று பயப்பட வேண்டியதில்லை. ஜப்பானின் கிழக்கில் ஒன்றும் மேற்கில் மற்றொன்றும் இருப்பதால் இரண்டுக்கும் பொருந்தத்தான் செய்கிறார்கள்.

உவர்மலையிலிருந்து

இருபது வருடங்களுக்கு மேலாகப் பிளேயர், அம்ப்ளிபையர் திருத்துகிறேன். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, எந்தக் கம்பனியின் சத்தம் நல்லது என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, சீடியை வாசிக்கும் லேசர் தலை எந்த இலக்கம் என்பது. சீடியில் ஒலியைப் பதியும் 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் என்ற அளவு 1982இல் சீடி வந்த நாளிலிருந்து மாறவில்லை. ஒழுங்காகச் செய்த இரண்டு பிளேயர்களுக்கு இடையே காதுக்குத் தெரியும் வித்தியாசம் மிகச் சிறியது. சாவது பெரும்பாலும் அசைகிற பாகம்தான்.

சொனியின் கேஎஸ்எஸ்-213 என்ற லேசர் தலையைப் பல கம்பனிகள் தங்கள் பிளேயர்களில் போட்டிருக்கின்றன. அதனால் இன்றும் மாற்றுத் தலை மலிவாகக் கிடைக்கிறது. விலை உயர்ந்த, அபூர்வமான பொறிமுறை கொண்ட பிளேயரைவிட, இப்படிப் பொதுவான தலை போட்ட எளிய பிளேயரைத்தான் நான் என் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பேன்.

ஒரு தம்பி புதுத் தலையைத் தானே மாற்றிவிட்டு, அதுவும் பழுது என்று கொண்டுவந்தான். பார்த்தால், தலையின் சிறிய பலகையில் ஓர் ஈயப்பொட்டு அப்படியே இருக்கிறது. நிலைமின் தாக்கி லேசர் இறந்துவிடாமல் தொழிற்சாலையில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒட்டி அனுப்புவார்கள். பூட்டிய பிறகு அதை உருக்கி எடுக்க வேண்டும். எடுத்தேன், பாடியது. அந்தத் தம்பியின் முகம் மலர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது.

வருகிற பிளேயர்களில் எல்லாம் தலை பழுதும் இல்லை. தட்டு பாதியில் நின்றால் அனேகமாக இறப்பர் பட்டி தளர்ந்திருக்கும், சில நூறு ரூபாய் வேலை. குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் எல்லாச் சீடியும் தடுக்கினால், தலை நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்திருக்கும். லென்ஸில் படலம் கட்டியிருந்தால் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்டு, மிக மெதுவாக, பூ இதழைத் துடைப்பது போல் துடையுங்கள். லென்ஸ் நூலிழை போன்ற கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தினால் போயிற்று.

நம் ஊரின் பெரிய எதிரி கடல்தான். கடற்கரை வீடுகளிலிருந்து வருகிற பெட்டிகளைத் திறந்தால் ஆணிகளில் துரு, இணைப்புகளில் பச்சை. வாடைக் காற்றுக் காலத்தில், மழை ஈரத்தோடு, இன்னும் மோசம். கடலைப் பார்த்த யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். அம்ப்ளிபையரின் மேலும் வைக்காதீர்கள், சூடு. மாதக்கணக்கில் மூடி வைப்பதைவிட வாரத்தில் ஒரு நாளாவது போட்டுக் கேளுங்கள். உள்ளே பிறக்கும் இளஞ்சூடு ஈரத்தை விரட்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள், லென்ஸ் வியர்த்திருக்கும்.

புதிதாக வாங்க வசதியுள்ளவர்களுக்கு யமஹா சிடி-எஸ்303 போன்றவை நல்ல தெரிவு. முன்பக்கத்தில் யூஎஸ்பி, பின்னால் ஒப்டிகல் வெளியீடு எல்லாம் உண்டு. உத்தரவாதம் இலங்கையில் செல்லுபடியாகுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிலாவெளியிலிருந்து

நான் புதிதாக எதுவுமே வாங்கவில்லை. மூலையில் கிடந்த டிவிடி பிளேயரின் சிவப்பு, வெள்ளை வயர்களை அம்ப்ளிபையரின் ஆக்ஸ் துளையில் செருகினேன். அம்மாவுக்கு அதுவே போதும். பாட்டுத் தெரிவு செய்ய டிவியைப் போட வேண்டியிருப்பது ஒரு தொல்லை. முதலில் ஃபோனோ என்று எழுதிய துளையில் செருகிவிட்டேன், காது கிழிவது போல் கரகரத்தது. அது இசைத்தட்டுக்கு உரியதாம்.

உப்புவெளி அண்ணா, பிளேயர் எல்லாம் இருக்கட்டும். அப்பாவின் சீடியைக் கணினியில் பிரதி எடுத்துவிட்டீர்களா? பதிந்த சீடியின் சாயம் வருடங்கள் போகப் போக மங்கும். என் தங்கையின் அரங்கேற்றச் சீடி அப்படித்தான் போனது. மேசையில் வெயில் படும் இடத்தில் வைத்திருந்தோம்.

உப்புவெளியிலிருந்து

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்த இரவே எடுத்தேன். மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன், ஒன்று தம்பியிடம். முழுப் பதிகமும் வந்துவிட்டது. கடைசிப் பாட்டில் மட்டும் இரண்டு இடத்தில் குரல் அறுகிறது. கணினியின் டிரைவ் பழையது, அதனாலும் இருக்கலாம். உவர்மலை ஐயா, உங்களிடம் நல்ல லேசர் தலையுள்ள பிளேயர் இருக்கும்தானே? சனிக்கிழமை பின்னேரம் சீடியைக் கொண்டு வருகிறேன், ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்.