டிரஸ்ட்டுக்கு வீட்டை மாத்த அனுப்பின டீட் கவுண்டியில இருந்து திரும்பி வந்துடுச்சு

தேன்மொழி_கலிஃபோர்னியா:
எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் லிவிங் டிரஸ்ட் (உயிரோட இருக்கும்போதே சொத்தை வெச்சு நடத்துற அறக்கட்டளை) போட்டோம், வீட்டை அதுல மாத்துறதுக்கு கிராண்ட் டீட், அதாவது வீட்டு உரிமையை மாத்தற பத்திரத்தை, நாங்களே டைப் பண்ணி நோட்டரி பண்ணி, பத்திரம் பதியற ஆபீஸான கவுண்டி ரெக்கார்டருக்கு தபால்ல அனுப்பினோம். மூணு வாரம் கழிச்சு அப்படியே திரும்பி வந்திருக்கு. கூட ஒரு தாள்ல ரெண்டு இடத்துல டிக். நோட்டரி சீல் தெளிவா இல்லையாம், முதல் பக்கத்துல மேல இடம் விடலையாம். சீலை உத்துப் பாத்தா ஓரத்துல ரெண்டு எழுத்து எங்க கையெழுத்து மேல ஏறி மங்கிப் போயிருக்கு, அவ்வளவுதான். திரும்ப கையெழுத்து போடணுமா? இதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா டிரஸ்ட் செல்லாதா? குழந்தைங்க சின்னவங்க, ராத்திரி தூக்கமே வரல.

பழைய_எஸ்க்ரோ_ஆள்:
பயப்படாதீங்கம்மா. கையெழுத்து போட்டு கொடுத்த டீட் உங்களுக்குள்ள செல்லும், ரெக்கார்ட் பண்றது வெளி ஆளுங்களுக்கு இன்னார் பேர்ல இருக்குன்னு தெரியப்படுத்தத்தான். ஆனா தள்ளிப்போடாதீங்க. ரெக்கார்டர் ஆபீஸ்ல ஸ்கேன் பண்ணித்தான் வைக்கிறாங்க, ஸ்கேன்ல படிக்க முடியாத சீலை எடுத்துக்க மாட்டாங்க. முதல் பக்கத்துல மேல இரண்டரை இன்ச் விடணும், இடது பக்கம் உங்க அட்ரஸ், வலது பக்கம் அவங்களுக்கு, அதுல ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. பக்கத்தை மாத்துறதால புது டீட் அடிச்சு ரெண்டு பேரும் நோட்டரி முன்னாடி மறுபடி போய் நிக்கிறதுதான் சுத்தம். கலிஃபோர்னியால ஒரு கையெழுத்துக்கு 15 டாலருக்கு மேல வாங்கக்கூடாது, டீடுங்கறதால கட்டைவிரல் ரேகையும் எடுப்பாங்க. சீல் குத்துறதுக்கு முன்னாடியே "காலி இடத்துல குத்துங்க"ன்னு வாய விட்டு சொல்லிடுங்க. இன்னொன்னு, வாங்குறவர் இடத்துல டிரஸ்ட் பேரை மட்டும் எழுதாதீங்க, உங்க ரெண்டு பேரையும் டிரஸ்டீன்னு (டிரஸ்ட்டை நடத்துறவங்கன்னு) போட்டு எந்த டிரஸ்ட், எந்த தேதின்னு எழுதணும்.

குமார்_ஃப்ரீமாண்ட்:
பேரை பாத்தீங்களா அக்கா? நம்மாளுங்க மாட்டறது அங்கதான். நாங்க வீடு வாங்கினப்ப லோன் பேப்பர்ல என் இனிஷியலை விரிச்சு அப்பா பேரை முன்னாடி போட்டாங்க, டீடும் அப்படியே வந்துச்சு, அப்புறம் சிட்டிசன் ஆகும்போது அப்பா பேரை கடைசில வெச்சு மாத்திக்கிட்டேன். இப்போ புது பேர்ல மட்டும் டீட் எழுதினா கவுண்டி வாங்கிக்கும், ஆனா அவங்க இன்டெக்ஸ் பேரை வெச்சுதான், பத்து வருஷம் கழிச்சு விக்கும்போது வீடு யார் பேர்ல இருக்குன்னு சரிபாக்குற டைட்டில் கம்பெனிக்காரன் தேடினா பழைய ஆளும் புது ஆளும் ரெண்டு பேர் மாதிரி தெரியும். அதனால பழைய டீட்ல இருக்கிற பேரை ஒரு எழுத்து விடாம போட்டு, "இந்தப் பேர்ல உரிமை பெற்ற இன்னார்"ங்கற மாதிரி இங்கிலீஷ்ல சேர்த்து எழுதினேன். லீகல் டிஸ்கிரிப்ஷனையும் (சொத்தோட சட்டப்படியான விவரம்) பழைய டீட்ல இருந்து கமா உட்பட அப்படியே எடுங்க, வரி ரசீதுல இருக்கறது சுருக்கம், பத்தாது.

மீனா_அக்கவுண்ட்ஸ்:
பீசிஓஆர் படிவம், அதாவது உரிமை மாறினதை வீட்டு வரி ஆபீஸுக்குச் சொல்ற படிவம், கூட வெச்சீங்களா? அது இல்லன்னா 20 டாலர் கூடுதல். நீங்க எப்ப வேணா ரத்து பண்ணக்கூடிய சொந்த ரிவோக்கபிள் டிரஸ்ட்டுக்குப் போறதால வீட்டு வரி மறுமதிப்பீடு வராது, டிரான்ஸ்ஃபர் டாக்ஸும் இல்ல, ஆனா விலக்கு காரணத்தை டீட்லயே எழுதணும். 2018-ல இருந்து வந்த 75 டாலர் ஹவுசிங் ஃபீஸும் அப்படித்தான், நீங்களே குடியிருக்கற வீடுன்னா விலக்கு உண்டு, முதல் பக்கத்துல சொல்லலைன்னா வாங்கிடுவாங்க. லோன் இருக்கேன்னு கவலைப்பட வேண்டாம், 1982 ஃபெடரல் சட்டப்படி நீங்க குடியிருக்கிற வீட்டை சொந்த டிரஸ்ட்டுக்கு மாத்தினதுக்காக பேங்க் முழுக்கடனையும் கேக்க முடியாது. ரெக்கார்ட் ஆனதும் அரசாங்க லெட்டர் மாதிரியே ஒண்ணு வரும், டீட் காப்பி தர்றோம் பணம் கட்டுங்கன்னு. கட்டாதீங்க. ஒரிஜினலே உங்க அட்ரஸுக்கு வந்துடும்.

தேன்மொழி_கலிஃபோர்னியா:
குமார், பழைய டீடை எடுத்துப் பாத்தேன், வீட்டுக்காரர் பேர் நீங்க சொன்ன மாதிரியே திருப்பி இருக்கு! சீல் மங்கினதே நல்லதாப் போச்சு. பீசிஓஆரும் வெக்கல. சனிக்கிழமை நோட்டரிகிட்ட போறோம், இந்த தடவை தபால் வேண்டாம், நேர்லயே கவுண்டர்ல கொடுத்துடறோம். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.