மஸ்டரா, தீமா?

செம்மண் ரசிகன்: ஆஸ்திரிய டென்னிஸில் யார் பெரிய ஆள்? என் ஓட்டு டொமினிக் தீமுக்கு. 2020 யுஎஸ் ஓபன் இறுதியில் முதல் இரண்டு செட்டை ஸ்வெரெவிடம் விட்டபிறகும் ஜெயித்தாரே!

பழைய ராக்கெட்: தாமஸ் மஸ்டர்தான், சந்தேகமே வேண்டாம். 1989-இல் மயாமி இறுதிக்குத் தகுதி பெற்ற கையோடு, குடித்துவிட்டு ஒருவர் ஓட்டிய கார் மோதி முழங்கால் தசைநார் அறுந்தது. கட்டுப்போட்ட காலை நீட்டி, உட்கார்ந்தபடியே பந்தடித்துப் பழகினார் மனுஷன். 1995-இல் பிரெஞ்சு ஓபன், 1996-இல் நம்பர் 1. மொத்தம் 44 பட்டம், அதில் 40 களிமண்ணில். (விம்பிள்டன் பற்றி மட்டும் கேட்காதீர்கள், ஒற்றையரில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.)

இடதுகை: மெல்சரை விட்டுவிட்டீர்களே! 2010 பிரெஞ்சு ஓபன் காலிறுதியில் ஜோகோவிச்சிடம் இரண்டு செட் இழந்து மீண்டவர்.

செம்மண் ரசிகன்: சரி, தீமின் மணிக்கட்டு மட்டும் 2021-இல் போகாமல் இருந்திருந்தால்?